புதுப்பிப்பு: காவடித் திருவிழாக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும் நிரல் (தீர்ந்தது)

டர்பனில் தைப்பூசக் காவடிக்குக் கோயில் மைதானத்தில் கடைகளை அடுக்க சிமுலேட்டட் அனீலிங்கில் (தொடக்கத்தில் மோசமான மாற்றங்களையும் ஏற்று, போகப்போகக் கண்டிப்பாகி நல்ல அமைப்பைத் தேடும் முறை) எழுதிய நிரல், பாதியிலேயே ஒரு சுமாரான அமைப்பில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது மெதுவாகக் குளிர்விக்கும் யோசனைதான். வெப்பநிலையை, அதாவது மோசமான நகர்வுகளை எவ்வளவு தாராளமாக ஏற்பது என்பதைச் சொல்லும் எண்ணை, கட்டத்துக்குக் கட்டம் 0.8 ஆல் பெருக்கியதை 0.99 ஆக்கினேன். மோசமான நகர்வுகளையும் நெடுநேரம் ஏற்றதால் முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்துவிட்டது. அப்புறம், ஒரு கடையை நகர்த்துவதோடு பிரியாணிக் கடையும் பூக்கடையும் நேரடியாக இடம் மாறவும் விட்டேன். கடைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தடுக்காமல் அபராதம் மட்டும் போடுவது (அந்த அமைப்பின் மதிப்பெண்ணைக் குறைப்பது), நெருக்கமான மைதானத்துக்கு நன்றாக உதவும்.

எதிர்பாராதது: சத்தம் கணக்கில் இல்லாததால் ஜெனரேட்டரைப் பஜனை மேடைக்குப் பின்னாலேயே வைத்தது! சரி, அதற்கும் ஓர் அபராதம் சேர்த்ததும் மறுகோடிக்குப் போய்விட்டது.