டிரைவர் புதுப்பிப்பு பாதியில் நின்ற கணினி: ஃபோர்மட் செய்வதா, பழுதைத் தேடுவதா?

எழுத்துக்கோர்ப்பு, வெள்ளவத்தை

வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ்களுக்கும் நினைவு மலர்களுக்கும் பக்கம் கோர்த்துக் கொடுத்து வருகிறேன். நேற்று மாலை கிராபிக்ஸ் அட்டைக்கான டிரைவரை, அதாவது அட்டையை இயக்கும் மென்பொருளை, புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. மின்சாரம் வந்த பின் கணினியை இயக்கினால் விண்டோஸ் 10 சின்னம் தோன்றி, புள்ளிகள் சிறிது நேரம் சுழன்று, நீலத் திரையில் 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' என்ற பிழை வருகிறது. பிறகு கணினி தானாகவே மறுபடியும் தொடங்குகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டிக்குக் கொடுக்க வேண்டிய 48 பக்க நினைவு மலர் அதற்குள்தான் இருக்கிறது, வேறெங்கும் பிரதி இல்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விசாரித்தேன். ஃபோர்மட் செய்து, அதாவது வன்தட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவி, இரண்டு மணி நேரத்தில் தருவதாகச் சொன்னார்கள். கொடுக்கலாமா?

வன்தட்டு, கொட்டாஞ்சேனை

சகோதரி, கொடுக்கலாம். ஆனால் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, உங்கள் கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகே ஃபோர்மட் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இருபது ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போன கணினியில் எந்தக் கோப்பு முழுமையாக எழுதப்பட்டது, எது பாதியில் நின்றது என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒட்டுப்போட்டு ஓடவைத்த கணினி அடுத்த மாதம் வேறொரு பிழையோடு திரும்பி வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதோடு விண்டோஸ் 10இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாக நிறுவ வேண்டிய கணினியைப் பழுதுபார்ப்பதில் நேரத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?

நீலத்திரை, தெஹிவளை

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த முடிவை ஏற்க முடியவில்லை. பிழையின் பெயரே பழுது எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு சொல்லிவிடுகிறது. கிராபிக்ஸ் அட்டை பதில் தராமல் நின்றால் விண்டோஸ் வழக்கமாக 2 விநாடிகள் காத்திருந்து, டிரைவரை மீளத் தொடக்கிப் பார்க்கும். அதுவும் கைகூடாதபோதுதான் இந்த நீலத் திரை வருகிறது. திரையின் அடியில் தோல்வியுற்ற கோப்பின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். அது 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா டிரைவர், 'ஏஎம்டி' என்றால் ஏஎம்டி, 'ஐஜிடி' என்றால் இன்டெல். ஆகவே முழு விண்டோஸையும் சந்தேகிக்கும் முன் அந்த ஒரு டிரைவரை விலக்கிப் பார்ப்பதே முறை.

சகோதரி, தொடக்கம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைப்பட்டால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குச் செல்லும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று சென்று, மறுதொடக்கத்தின் பின் வரும் பட்டியலில் 4ஆம் எண்ணை அழுத்தினால் சேஃப் மோட் திறக்கும். பழைய எஃப்8 விசை விண்டோஸ் 8இலிருந்து இயல்பாக வேலை செய்வதில்லை, அதை அழுத்திக் களைத்துப் போகாதீர்கள். வன்தட்டு விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும், கைபேசியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

சேஃப் மோடில் உற்பத்தியாளரின் டிரைவர் இயங்காது. மைக்ரோசொஃப்டின் அடிப்படைத் திரை டிரைவர் மட்டுமே இயங்கும். அங்கே திரை ஒழுங்காக வந்தால், வன்தட்டும் விண்டோஸின் முக்கியப் பகுதிகளும் எழுந்து நிற்கும் நிலையில் இருக்கின்றன என்று பொருள். ஃபோர்மட் செய்துவிட்டால் இந்த ஒரு தகவல் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

வன்தட்டு, கொட்டாஞ்சேனை

தம்பி, சேஃப் மோட் திறந்துவிட்டால் எல்லாம் நலம் என்று எழுதுவது அவசரம். அந்த முறையில் மிகக் குறைந்த கோப்புகளே ஏற்றப்படுகின்றன. ஏற்றப்படாதவற்றின் நிலையை அது காட்டாது. இன்னொன்று, மின்சாரம் திரும்பும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். அட்டையே பழுதாகியிருந்தால் எத்தனை டிரைவரை மாற்றினாலும் இதே நீலத் திரைதான் வரும்.

நீலத்திரை, தெஹிவளை

அட்டை பழுதாகியிருக்கலாம் என்பது நியாயமான ஐயம், அதை ஏற்கிறேன். ஆனால் அட்டை பழுதானால் ஃபோர்மட்டும் உதவாது அல்லவா? கோப்புகளும் போய், அட்டையும் அப்படியே இருக்கும். தாய்ப்பலகையிலேயே திரை இணைப்பு இருந்தால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அட்டையைக் கழற்றி, திரையை அந்த இணைப்பில் மாட்டி இயக்கிப் பார்க்கலாம். பெயரின் முடிவில் 'எஃப்' உள்ள இன்டெல் புரோசசர்களைப் போல உள்ளக கிராபிக்ஸ் இல்லாதவற்றில் இச்சோதனை பயன்படாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. பக்கம் கோர்ப்பவரின் கணினியில் இருப்பவை வெறும் கோப்புகள் அல்ல. பாமினி போன்ற எழுத்துருக்கள் இருக்கும், பலரிடம் இன்னமும் 2001இல் வெளிவந்த, பக்கம் கோர்க்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 இருக்கும், அதன் நிறுவல் தட்டு எங்கே போனதென்று தெரியாது. பாமினியில் கோர்த்த பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 48 பக்கமும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். 'எனது ஆவணங்கள்' உறையை மட்டும் பிரதி எடுத்துவிட்டு ஃபோர்மட் செய்யும் கடைக்காரருக்கு இது தெரிய நியாயமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கணினி அப்படித்தான் திரும்பி வந்தது. அப்பாவின் கடிதங்கள் அனைத்தும் இருந்தன, ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

எழுத்துக்கோர்ப்பு, வெள்ளவத்தை

எனது கணினியிலும் பேஜ்மேக்கர்தான், தட்டு கையில் இல்லை. சேஃப் மோட் திறந்தது, திரையும் தெளிவாக வந்தது. முதல் வேலையாக நினைவு மலரையும் எழுத்துரு உறையையும் பென் டிரைவில் எடுத்துவிட்டேன். டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக்' பொத்தான் மங்கலாக இருந்து அழுத்த முடியவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

நீலத்திரை, தெஹிவளை

பொத்தான் மங்கியிருந்தால், திரும்பிச் செல்ல முந்தைய டிரைவர் சேமிக்கப்படவில்லை என்று பொருள். இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இல்லையேல் விண்டோஸ் அப்டேட் தானே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து நிறுவிவிடும். பிறகு 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, டிரைவர் மென்பொருளையும் அழிக்கும் கட்டத்தில் அடையாளமிட்டு நீக்குங்கள். முடிந்ததும் 'ஷட் டவுன்' கொடுக்க வேண்டாம், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் அது முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை.

எழுத்துக்கோர்ப்பு, வெள்ளவத்தை

கணினி வழக்கமான முறையிலேயே திறந்துவிட்டது. எழுத்துகள் பெரிதாகவும் சற்று மங்கலாகவும் தெரிகின்றன, ஆனால் பேஜ்மேக்கர் வேலை செய்கிறது. இன்றிரவே திருத்தங்களை முடித்து, நாளைக் காலை அச்சகத்துக்குக் கொண்டுபோகிறேன். உங்கள் இருவருக்கும் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வன்தட்டு, கொட்டாஞ்சேனை

மகிழ்ச்சி, சகோதரி. கோப்புகளுக்கு ஆபத்து வராமல் வழி காட்டிய தம்பிக்கும் நன்றி. எழுத்துரு பற்றி அவர் சொன்னதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இனி என்னிடம் வரும் கணினிகளில் அதையும் கேட்பேன்.

ஆயினும் எனது கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. மலர் அச்சுக்குப் போகும்வரை புதிய டிரைவரை நிறுவ வேண்டாம். அதன் பின் நிர்வாகி உரிமையுடன் கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து, வன்தட்டைச் சோதிக்கும் செக் டிஸ்கையும் விண்டோஸ் கோப்புகளைச் சோதிக்கும் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' கட்டளையையும் ஓடவிடுங்கள். அவற்றில் சிதைந்த கோப்புகள் பல இருப்பதாக வந்தால், பேஜ்மேக்கர் தட்டை எங்காவது தேடிப் பிடித்த பிறகு புதிதாக நிறுவுவதே நல்லது. அடுத்த டிரைவரை யூபிஎஸ் இணைத்த பின்பே நிறுவுங்கள். முடிவு என்ன வந்தது என்பதை இங்கே எழுதுங்கள், நானும் தம்பியும் பார்த்துச் சொல்கிறோம்.