உரிமம் வாங்கியதும் காணாமல் போகும் புதிய ஹாம்கள்: கிளப் என்ன செய்யலாம்?

கரகரப்பு (கேள்வி)

எங்கள் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு) கிளப்பில் வகுப்பு எடுப்பதில் குறையே கிடையாது. ஓம் விதியில் தொடங்கி அயனமண்டலம் வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் இருக்கிறார்கள், தேர்வுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தேறியும் விடுகிறார்கள். தலைவலி அதற்கப்புறம்தான். கால்சைன் (வானொலியில் ஒருவரின் அடையாளக் குறியீடு) வந்ததும் ஒரு ஹேண்டி (கையடக்க வானொலி செட்) வாங்குவார்கள், குழுவில் படம் போடுவார்கள், நாங்களும் வரிசையாக வாழ்த்துவோம், பிறகு ஆளையே காணோம். வாராந்திர நெட்டில் (எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடும் நேரம்) செக்-இன் (வந்தவர் கால்சைன் சொல்லிப் பதிவது) கேட்டால் அதே பழைய குரல்கள்தான், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

சும்மாவும் இருக்கவில்லை. புதிய உரிமக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவர் என்று பட்டியல் போட்டு, போன் எண்ணையும் கொடுத்து, "என்ன சந்தேகம் வந்தாலும் தயங்காமல் கூப்பிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறோம். யாரும் கூப்பிடுவதில்லை. மூத்தவர்களைக் கேட்டால் செல்போன் வந்த பிறகு இதில் யாருக்கு ஆர்வம் இருக்கும் என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, ஆர்வம் இல்லாதவர் எதற்கு உட்கார்ந்து மின்சுற்றும் விதிமுறையும் படித்துத் தேர்வு எழுத வேண்டும்? புதியவர்களைத் தக்கவைத்த அனுபவம் உள்ளவர்களும், புதியவராக வந்து ஒட்டிக்கொண்டவர்களும், எது கைகொடுத்தது என்று சொல்லுங்கள். "அன்பாகப் பழகுங்கள்" வகை அறிவுரை வேண்டாம், அது எங்களிடமே நிறைய இருக்கிறது.

பிடிடி_பயம்

நான் ஒட்டிக்கொண்ட கட்சி, ஆனால் மயிரிழையில். முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள்" என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் புதிதாக வருகிறவருக்கு என்ன கேட்பது என்றே தெரியாது. ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) நான் பேசினால் பதில் வரவில்லை என்று வையுங்கள், அது டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் ஒலிக்குறி) போடாததாலா, ஆஃப்செட் (அனுப்பும், கேட்கும் அலைவரிசைகளின் இடைவெளி) தப்பாக இருப்பதாலா, என் சிக்னல் அங்கே எட்டாததாலா, அல்லது யாரும் அப்போது கேட்டுக்கொண்டிருக்கவில்லையா? இந்த நாலில் எது என்று பிரிக்கத் தெரிந்தால்தானே அது கேள்வியாகும். தெரியாதவர் "நமக்கு இது சரிப்படாது" என்று செட்டை அலமாரியில் வைத்துவிடுவார்.

இரண்டாவது, மைக் பயம். இதை மூத்தவர்கள் ரொம்பக் குறைத்து எடைபோடுகிறார்கள். ரிப்பீட்டரில் பேசுவது என்றால் யார் யார் கேட்கிறார்கள் என்று தெரியாத கூட்டத்தின் முன் பேசுவது. அங்கே நடக்கிற பேச்சோ பல வருடப் பழக்கமுள்ள நாலைந்து பேருக்குள் ஓடுகிற கேலியும் பழைய கதையும். நடுவில் புகுந்து கால்சைன் சொல்லவே கை நடுங்கும். எனக்கு முதல் முறையே, எழுத்துகளைச் சொன்ன விதம் தப்பு என்று எல்லாரும் கேட்கத் திருத்தினார் ஒருவர். அவர் சொன்னது சரிதான், அதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். அதோடு நெடுநாள் நான் வாயே திறக்கவில்லை.

என்னைத் திரும்ப இழுத்தது கிளப்பில் இருந்த ஒரு மூத்த அம்மா. அவர் என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை, அவரே கூப்பிட்டார்: "இன்று இரவு எட்டு மணிக்கு ரிப்பீட்டர் வேண்டாம், சிம்ப்ளெக்ஸில் வா, நானும் நீயும் மட்டும்." சிம்ப்ளெக்ஸ் என்றால் ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட்டு நேராகப் பேசுவது. பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசு, இல்லாவிட்டால் முதல் எழுத்து அடிபட்டுப் போகும் என்பதிலிருந்து, ஒருவர் முடித்ததும் உடனே தாவாமல் சற்று இடைவெளி விடு, அவசரமாக யாராவது உள்ளே வர வேண்டியிருக்கலாம் என்பது வரை எல்லாமே பேசிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் நெட்டுக்கு அவருக்கு அடுத்தபடியாகச் செக்-இன் செய்யச் சொன்னார். அப்போது எனக்கு அங்கே தெரிந்த குரல் ஒன்றாவது இருந்தது.

நாற்பது_மீட்டர்

கொஞ்சம் எதிர்க்கட்சியாகவே பேசுகிறேன். அமெச்சூர் சேவை என்றால் என்ன என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் எழுதியிருப்பதைப் படியுங்கள், நோக்கம் மூன்றில் முதலாவதாக வருவதே சுயபயிற்சி. கையைப் பிடித்து ஒவ்வொரு படியும் ஏற்றிவிட்டால் அதில் என்ன சுயம் இருக்கிறது? நாங்கள் வந்த காலத்தில் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேச மோர்ஸ் தேர்வு கட்டாயம். 2003 உலக வானொலி மாநாட்டுக்குப் பிறகுதான் அது அந்தந்த நாட்டின் விருப்பம் என்று ஆனது. அந்தக் கஷ்டத்தைத் தாண்டி வந்தவன் போகமாட்டான்.

சரி, திட்டியாயிற்று. உங்கள் ஆட்கள் காணாமல் போவதற்கு ஆர்வமும் காரணமில்லை, பயமும் முழுக் காரணமில்லை என்பது என் கணிப்பு. முக்கியக் காரணம் அந்த ஹேண்டியோடு வருகிற குட்டை ரப்பர் ஆன்டெனா! கான்கிரீட் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு ஐந்து வாட்டில் அதை வைத்துக் கூப்பிட்டால் பக்கத்துத் தெரு தாண்டுவதே பெரிய விஷயம். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்ப்பான், பதில் வராது, இந்த அலைவரிசையில் உயிரே இல்லை என்று முடிவுகட்டிவிடுவான். ரிப்பீட்டரில் அந்த நேரத்தில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஆகவே உரிமம் வந்த மாதமே ஆன்டெனா கட்டும் நாள் ஒன்று வையுங்கள். எஸ்ஓ-239 சாக்கெட் (கேபிள் மாட்டும் இணைப்பான்) ஒன்று, தடித்த செம்புக் கம்பி ஐந்து துண்டு, அவ்வளவுதான் சரக்கு. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை கிட்டத்தட்ட 49 சென்டிமீட்டர். நடுவில் ஒன்று நிமிர்ந்து நிற்கட்டும், நாலு மூலையிலிருந்தும் நாலு கம்பி கீழ்நோக்கி 45 டிகிரி சாயட்டும். சாய்க்காமல் கிடையாக விட்டால் மின்மறுப்பு, செட்டுக்கும் கேபிளுக்கும் பொருந்தும் 50 ஓமைவிட நன்றாகக் குறைந்துவிடும், சாய்த்தால் 50-ஐ ஒட்டி வரும். இதை ஏன் என்று வகுப்பில் படம் போட்டு விளக்குவதைவிட, கம்பியை வளைக்க வளைக்க எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு) இறங்குவதை அவனே மீட்டரில் பார்க்கட்டும். கம்பியை முதலில் கொஞ்சம் நீளமாகவே விட்டு, பிறகு நறுக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நறுக்கினதை ஒட்ட முடியாது. அன்றைக்கே கட்டினதை மாடியில் ஏற்றி அதில்தான் முதல் தொடர்பு. தன் கையால் கட்டின ஆன்டெனாவில் பதில் கேட்டவனை விரட்டினாலும் போகமாட்டான்.

அப்புறம், அவர்களுக்கு வேலை கொடுங்கள். நெட் நடத்தும் பொறுப்பை மூத்தவர்களே பிடித்து வைத்துக்கொண்டால் மற்றவர்கள் விருந்தாளிகளாகவே இருப்பார்கள். விருந்தாளி எத்தனை நாள் தங்குவான்?

டிடாடிட்

நாற்பது மீட்டர் சார் சொன்ன ஆன்டெனா விஷயத்தில் நூற்றுக்கு நூறு உடன்பாடு. மோர்ஸ் கஷ்டம் ஆளை நிறுத்தி வைக்கும் என்பதில் மட்டும் இல்லை. நான் தினமும் மோர்ஸ் அடிக்கிறவன், அது கட்டாயமாக இருந்த காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த நாளே மோர்ஸ் அடிக்கும் சாவியைத் தூக்கிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்போது கற்க வருகிறவர்கள் ஆசைப்பட்டு வருகிறார்கள். கோக் முறையில் முதல் நாளே முழு வேகத்தில் இரண்டே எழுத்து, அது பழகினால் இன்னொன்று என்று போனால், புள்ளியும் கோடும் எண்ணுகிற பழக்கமே வராது. இதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். ஆப்பை வைத்து எழுத்தைக் கற்கலாம், தடுமாறுகிற ஒருவருக்காக வேகத்தைக் குறைத்து அடிக்க மனிதர்தான் வேண்டும்.

மைக் பயம் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் வழி கேட்க விசித்திரமாக இருக்கும்: கான்டெஸ்டில் (குறித்த நேரத்தில் யார் அதிகம் பேரைத் தொடர்புகொள்கிறார் என்ற போட்டி) உட்கார வையுங்கள். அங்கே ஒரு தொடர்பு சில நொடிகள்தான். பேச வேண்டியது எல்லாம் முன்கூட்டியே தெரியும், கால்சைன், 59 (உங்கள் சிக்னல் நன்றாகக் கேட்கிறது என்ற குறி), மண்டல எண்ணோ வரிசை எண்ணோ, நன்றி, அடுத்தவர். (காதில் பாதிதான் விழுந்தது என்றாலும் எல்லாருக்கும் 59 கொடுக்கிற கூத்தைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.) என்ன பேசுவது என்ற திண்டாட்டமே இல்லை. முதலில் மூத்தவர் பேச, புதியவர் பக்கத்தில் லாக் (தொடர்புகளின் பதிவு) எழுதட்டும். காது பழகியதும் நாற்காலியை மாற்றுங்கள். 1933-இல் தொடங்கின ஃபீல்டு டே (வெளியிடத்தில் தற்காலிக நிலையம் அமைத்துப் பேசும் நிகழ்வு) இத்தனை காலம் நிலைத்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கூடாரம் அடிக்கிறவர், ஜெனரேட்டர் பார்க்கிறவர், லாக் எழுதுகிறவர் என்று அங்கே எல்லாருக்கும் வேலை இருக்கும், தெரியாதவர் தெரிந்தவர் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியும் வரும்.

எஃப்டி8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) பற்றி மூத்தவர்கள் முகம் சுளிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கணினியும் கணினியும் பேசுகிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 2017-இல் அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ டெய்லர் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினவர், அது கிடக்கட்டும். 15 நொடிக்கு ஒருமுறை மாறி மாறி அனுப்புகிற அந்த முறையில், சின்ன ஆன்டெனாவும் குறைந்த சக்தியும் வைத்திருக்கிற புதியவர் தன் சிக்னல் எந்தெந்த ஊரில் கேட்டது என்று சில நிமிடத்தில் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையதள வரைபடத்தில் பார்த்துவிடலாம். அலை பரவுவது பற்றி அதைவிட நல்ல பாடம் எது? பேசத் தயாரானதும், தன் குரல் எப்படிக் கேட்கிறது என்று இணையத்தில் இயங்கும் ஒரு வெப்எஸ்டிஆர் ரிசீவரில் அவரே கேட்டுக்கொள்ளட்டும். அதிலேயே பாதித் தயக்கம் போய்விடும்.

பிடிடி_பயம்

நாற்பது மீட்டர் சார், அந்த மூன்று நோக்கங்களில் இரண்டாவது ஒருவரோடொருவர் தொடர்பு கொள்வது, அதையும் சேர்த்தே படிக்கலாமே! :) நான் கேட்டது ஊட்டிவிடச் சொல்லி இல்லை, முதல் தடவை பேசும்போது அந்தப் பக்கம் ஒருவர் நிச்சயமாக இருப்பார் என்ற உறுதி மட்டும்தான். நீங்கள் சொன்ன ஆன்டெனா நாளிலும் அதுதானே நடக்கிறது, மாடியில் ஏற்றிக் கூப்பிட்டால் யாரோ ஒருவர் காத்திருந்து பதில் சொல்லியாக வேண்டும்.

கிளப் நடத்துகிறவருக்கு இன்னொன்று. நெட்டில் செக்-இன் வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள், புதியவர்கள் முதலில். பழையவர்கள் எல்லாரும் பேசி முடிக்கும் வரை காத்திருப்பதற்குள் வருகிற தைரியமும் போய்விடுகிறது.

கரகரப்பு

எல்லாருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. பட்டியலைக் கிழித்துப் போடப் போவதில்லை, அதன் திசையை மாற்றுகிறேன், இனி மூத்தவர்தான் கூப்பிட வேண்டும், அதுவும் நாள், நேரம், அலைவரிசை மூன்றையும் சொல்லி. இதற்கு ஒத்துக்கொள்ளாத மூத்தவர் பட்டியலில் இருக்க வேண்டாம், பாதிப் பெயர் குறைந்தாலும் பரவாயில்லை. செக்-இன் வரிசையை இந்த வாரமே மாற்றுகிறேன், சிலர் முறைப்பார்கள், பார்த்துக்கொள்ளலாம். நெட் கன்ட்ரோல் (நெட்டை நடத்தும்) பொறுப்பைச் சுழற்சியில் விடுவதற்குத்தான் கூட்டத்தில் சண்டை போட வேண்டியிருக்கும்.

ஆன்டெனா நாள் பற்றி ஒரு சந்தேகம். பலர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள், மொட்டை மாடியிலிருந்து வீட்டுக்குக் கேபிள் இறக்கினால் 20 மீட்டர் வரும். கையில் இருக்கிற ஆர்ஜி-58 (மெல்லிய கேபிள்) போதுமா?

நாற்பது_மீட்டர்

போதாது. இரண்டு மீட்டர் பேண்டில் (மேலே சொன்ன 145 மெகாஹெர்ட்ஸ் பகுதி) ஆர்ஜி-58 அவ்வளவு நீளம் ஓடினால் சக்தியில் பாதிக்கு மேல் கேபிளே தின்றுவிடும், திரும்பி வருகிற சிக்னலுக்கும் அதே கதிதான். இழப்பு குறைவான தடித்த கேபிள் போடுங்கள், ஆர்ஜி-213 மாதிரி. அதற்கு வசதி இல்லாதவர் மொட்டை மாடிக்குப் போகாமல் ஜன்னலுக்கு வெளியிலோ பால்கனிக் கம்பியிலோ ஆன்டெனாவை நிறுத்தி நாலைந்து மீட்டர் கேபிளோடு முடித்துக்கொள்ளட்டும், ரிப்பீட்டர் இருக்கிற திசை மறையாமல் இருந்தால் அதுவே ஓடும். எது நல்லது என்று தெரியாவிட்டால் இரண்டு இடத்திலும் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேபிள் வாங்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் நேரத்தை எழுதுங்கள், நான் இருக்கிறேன்.