பெரியவீட்டுச் சொந்தங்கள்: காதுகுத்துக்கு ஒம்பது உருப்படி

வெள்ளிக்கிழமை

திவ்யா: எல்லாருக்கும் வணக்கமுங்க. பாப்பா காதுகுத்து வைகாசி மொத ஞாயிறுன்னு முடிவாயிருச்சு. கத்திரி வெயில்ல பட்டுப்பாவாடையெல்லாம் வேண்டாம். பாப்பாவோட சேத்து குழந்தைங்க ஒம்பது பேருக்கும் ஒரே நெறத்துல பனியன் துணியில வீட்டுலயே தச்சரலாம்னு இருக்கோம். பொண்ணுங்க ஆறு, பசங்க மூணு. மல்லிகா அத்தை, எத்தனை கிலோ வாங்கோணும்?

பிரபு: நாளைக்குத் துணி எடுக்கத் திருப்பூர் காதர்பேட்டை போறேன். லிஸ்ட் போடுங்க

சரவணன் சித்தப்பா: ரெடிமேடா எடுத்தா சோலி முடிஞ்சுது

கவிதா சித்தி: ஒரு வயசுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரே கலர்ல எந்தக் கடையில வச்சிருக்கான்

மல்லிகா அத்தை: பிரபு, கவனமாப் படி. பருத்தி சிங்கிள் ஜெர்சி, அதான் ஒத்தை அடுக்குப் பனியன் துணி. 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம். ரெட்டை அடுக்கு இன்டர்லாக் குடுத்தா வேண்டாம், வெயிலுக்குக் கனம். விரிச்ச அகலம் 60 அங்குலம், டியூப்பா இருந்தா 30, ரெண்டும் ஒண்ணுதான். இந்த அகலத்துல 1 கிலோவுக்கு 3.6 மீட்டர் வரும். கவுனுக்கு 70 செ.மீ., டீசர்ட்டும் ட்ரவுசரும் சேந்த செட்டுக்கு 90 செ.மீ. ஆக 6.9 மீட்டர், 1.9 கிலோ. சுருங்கறது, வெட்டுக்கழிவு சேத்து 2.25 கிலோ வாங்கு. கழுத்துப்பட்டிக்கு இழுத்தா நீளற, லைக்ரா போட்ட 1க்கு1 ரிப் துணி கால் கிலோ. எல்லாத்தையும் ஒரே ரோல்லதான் வெட்டச் சொல்லோணும். ரிப்பும் அதே டையிங் லாட்டா, ஒண்ணாச் சாயம் போட்டதான்னு வெளிச்சத்துல வச்சுப் பாரு. கடை டியூப்லைட்டுல எல்லாம் ஒரே கலராத்தான் தெரியும்.

பிரபு: சரிங்கத்தை

பிரபு: நூல்?

கவிதா சித்தி: பத்து கோன் வாங்கிரு

மல்லிகா அத்தை: பத்தா? கடை வைக்கப்போறயா கவிதா? ஓரத்த வெட்டிட்டே தைக்கற மூணு நூல் ஓவர்லாக் மெஷின்ல 1 மீட்டர் தையலுக்குச் சுமாரா 14 மீட்டர் நூல் போகும். ஒரு உருப்படிக்கு 4 மீட்டர் தையல்னு வையி, ஒம்பதுக்கும் 500 மீட்டர்தான். அதுல ஊசி நூல் அஞ்சுல ஒரு பங்கு, மிச்சம் பூராம் ஓரத்தச் சுத்தி நூல் போடற லூப்பர் குடிக்கறது. ஊசிக்கு மட்டும் துணி கலர்ல ஒரு கோன், லூப்பருக்குக் கிட்டத்தட்ட அதே கலர்ல ரெண்டு. ஸ்பன் பாலியஸ்டர், 40ல ரெண்டு பிரி. வெறும் பருத்தி நூல் வேண்டாம், இழுத்தா அறுந்துரும்.

கவிதா சித்தி: சரிங்க நங்கை. சொன்னது தப்புத்தான்

பெரியப்பா: பஸ் 52 சீட்டா 30 சீட்டா? இன்னைக்கே அட்வான்ஸ் கேக்கறாங்க

சரவணன் சித்தப்பா: அண்ணா, 30 பத்தாது. மச்சாண்டார் வீட்டுலயே 18 பேர்

பெரியப்பா: அவங்க கார்ல வருவாங்கன்னல்ல சொன்னாங்க

சரவணன் சித்தப்பா: சொல்லுவாங்க

திவ்யா: பெரியப்பா, பஸ்ஸு தனியா பேசிக்கலாமுங்க. அத்தை, துணி வந்தா ஒடனே வெட்டலாமா?

மல்லிகா அத்தை: வெட்டவே கூடாது. மொதல்ல நனைக்கோணும். துணி துவைக்கிற சோப்புத்தூளப் போட்டே ஒரு தடவ அலசி, நெழல்ல படுக்க வச்சுக் காயவை. கொடியில தொங்கவிட்டா ஈரக்கனத்துல நீண்டுக்கும். சிங்கிள் ஜெர்சி நீளத்துல நூத்துக்கு அஞ்சு சுலபமாச் சுருங்கும். கிரகப்பிரவேசத்து மஞ்ச டீசர்ட் என்னாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பெரியப்பா: எனக்கு வயிறு வரைக்கும்தான் வந்துது. இப்ப கார் துடைக்கறேன்

கவிதா சித்தி: 😂😂

சரவணன் சித்தப்பா: துணி நான் எடுத்தது. நனைக்காம வெட்டுனது யாரு?

மல்லிகா அத்தை: அது இப்ப எதுக்கு. கவிதா, அந்த நாலு நூல் ஓவர்லாக் மெஷின் ஓடுதா? பொங்கலுக்கு ஒரு வாரத்துக்குன்னு எடுத்துட்டுப் போனது.

கவிதா சித்தி: ஓடுதுங்க. ஆனா பனியன் துணி அலை அலையா வருது. நெளி நெளியா

மல்லிகா அத்தை: டிஃபரன்ஷியல் எதுல இருக்குது?

கவிதா சித்தி: அது எந்தத் திருகுங்க

மல்லிகா அத்தை: வலதுபக்கம் 0.7ல இருந்து 2 வரைக்கும் எண் போட்ட திருகு. 1ல நின்னா துணிய நகத்தற முன்பல்லும் பின்பல்லும் ஒரே வேகம். பனியன் துணி நீளும், அதனாலதான் நெளியுது. 1.3ல ஆரம்பிச்சு 1.5 வரைக்கும் போ. ரொம்ப ஏத்துனா சுருக்கம் விழும், அப்ப கொறை. அதே துணியோட துண்டுல ரெண்டு மடிப்பா ஓட்டிப் பாத்துட்டுத்தான் உருப்படியில கை வைக்கோணும். தையல் நீளம் 2.5. ஊசி பால்பாயிண்ட் 11 நம்பர். சாதா கூர் ஊசி இழையை அறுத்துரும், அன்னைக்குத் தெரியாது, ரெண்டு துவைப்புல தையலோரமாப் பொத்தல் பொத்தலா வரும்.

திவ்யா: என்கிட்ட இருக்கறது பேபி ஓவர்லாக்குங்க. அதுல அந்தத் திருகே இல்ல

மல்லிகா அத்தை: பரவாயில்ல கண்ணு. துணிய அமுக்கற மெஷின் காலோட அழுத்தத்தைத் தளர்த்து, துணிய முன்னாலயும் பின்னாலயும் இழுக்காம விடு. அப்பவும் நெளிஞ்சா அடியில பட்டர் பேப்பர் பட்டை வச்சு ஓட்டிட்டுக் கிழிச்சு எடுத்துரு. நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். குண்டூசி குத்தாத. கத்தியில பட்டா கத்தி பல்லு போயிரும். கிளிப் போடு.

பிரபு: கிளிப்பும் லிஸ்ட்டுல சேக்கட்டுமா

சரவணன் சித்தப்பா: கொடியில போடற கிளிப்பே போதும்டா

மல்லிகா அத்தை: போதும். சின்னதா இருக்கோணும், அவ்வளவுதான். தோள் தையலுக்கு 6 மி.மீ. மொபிலான் டேப், ரப்பர் மாதிரி இழுபடற மெல்லிசுப் பட்டை, பத்து மீட்டர். அது வைக்காட்டித் தோள் தொங்கிரும். இப்பக் கழுத்து. அஞ்சாறு வயசுக்குத் தலைச் சுத்தளவு 20 அங்குலம், கழுத்து 15ல வெட்டு. அதுல நூத்துக்கு 85 பங்கு ரிப், 12 முக்கால். தையலுக்கு அரை அங்குலம் சேத்து 13 கால். அகலம் 2 அங்குலம், ரெண்டா மடிச்சுப் போடறது. ரிப்பை நாலாக் குறி, கழுத்தையும் நாலாக் குறி, குறியோட குறி சேத்துக் கிளிப் போடு. துணி அடியில, ரிப் மேல. ரிப்பை மட்டும் இழுத்துக் குறிக்குக் கொண்டு வரோணும், கழுத்தை இழுக்கவே கூடாது. ரிப் நீளமா விட்டா கழுத்து வாயப் பொளந்துட்டு நிக்கும், ரொம்பக் கொறைச்சா தலை நுழையாது.

கவிதா சித்தி: ஆத்தா பக்கத்துல உக்காந்து இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க

கவிதா சித்தி: ஆத்தா சொல்றாங்க, "காது குத்துன புள்ளைக்குத் தலைவழியா மாட்டற துணியத் தைக்கறாளுகளா? கம்மல்ல இழுத்துச்சுன்னா?"

திவ்யா: அய்யோ

சரவணன் சித்தப்பா: ஆத்தா 👌 டெய்லருக அவுட்

மல்லிகா அத்தை: நானும் அதத்தான் சொல்ல வந்தேன்.

சரவணன் சித்தப்பா: தெரியும்க்கா

மல்லிகா அத்தை: பாப்பாவுக்கு மட்டும் ஜப்ளா மாதிரி முன்பக்கம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ரெண்டு நாடாவுல முடியறது. இல்லாட்டித் தோள்ல முடிச்சுப் போட்டுக் கால்வழியா ஏத்தறது. துணி மெல்லிசான பருத்தி மல்மல். கழுத்தோரத்துல ஓவர்லாக் நூல் வெளிய தெரியக்கூடாது, அந்தக் கண்ணியில கம்மல் மாட்டும். அங்க மட்டும் குறுக்குச் சாய்வுல ஒண்ணேகால் அங்குலப் பட்டை வெட்டி, சாதா மெஷின்ல பைப்பிங் குடு. பக்கத் தையலுக்கு ஓவர்லாக் ஆகும். மொட்டையில இருந்து சந்தனம் வழிஞ்சு கழுத்துல எறங்கும், அதனால வெல குடுத்து வாங்காத.

பிரபு: தாய்மாமன் சீருன்னு நான் கவுன் எடுத்தாச்சுங்க. பின்னால ஜிப் வச்சது

திவ்யா: எப்ப எடுத்த?

பிரபு: போன வாரம். சொல்லலாம்னு இருந்தேன்

பெரியப்பா: தாய்மாமன் மடியில உக்கார வைக்கறப்ப அவன் துணிதான் போடோணும். அது மொறை

கவிதா சித்தி: அப்ப ஜப்ளா?

மல்லிகா அத்தை: சாப்பாட்டு நேரத்துக்கு. நெட்டு வச்ச கவுனா பிரபு?

பிரபு: லேசா

மல்லிகா அத்தை: நெட்டுல கம்மல் மாட்டுனா என்ன ஆகும்னு ஆத்தாகிட்டக் கேளு.

சரவணன் சித்தப்பா: தேங்காய் எத்தனை வேணுமுங்க?

பெரியப்பா: 101. அத நான் பாத்துக்கறேன்

கவிதா சித்தி: தாம்பூலப் பைக்குப் பதிலாக் கைக்குட்டை குடுத்தா என்னங்க? மல்மல்ல ஓரத்துக்கு பீக்கோ அடிச்சு

மல்லிகா அத்தை: நல்ல யோசனை. 44 அங்குல மல்மல், ஒரு மீட்டருக்கு பன்னெண்டரை அங்குலத்துல ஒம்பது துண்டு. நூறுக்கு 12 மீட்டர். இந்தத் துணியையும் நனைச்சுட்டு வெட்டு. பீக்கோவுக்கு நாலு நூல் மெஷின்ல எடது ஊசியக் கழட்டிரு, ஓரத்தை மடிக்கிற வெரலைப் பின்னால தள்ளு, தையல் நீளம் 1.5, கீழ் லூப்பரை இறுக்கு, மேல் லூப்பரைத் தளர்த்து. மேல் நூல் ஓரத்தச் சுத்தி அடிப்பக்கம் வரைக்கும் போனாச் சரி. மூலையில திரும்பாத. ஒரு பக்கத்த நேரா வெளிய ஓட்டிட்டு, ரெண்டு அங்குலம் நூல் சங்கிலிய வாலா விட்டு வெட்டு. அந்த வாலை மொட்டை ஊசியில கோத்துத் தையலுக்குள்ளயே சொருகிரு. வெறுமனே நறுக்கி விட்டாப் பிரிஞ்சுரும்.

கவிதா சித்தி: நூறுக்கு நானூறு வால் சொருகோணுமா

சரவணன் சித்தப்பா: தாம்பூலப் பையே இருக்கட்டும்

சனிக்கிழமை

பிரபு: கடையில நிக்கறேன். 180 இல்லைங்கறார். 160தான் இருக்குதாம்

மல்லிகா அத்தை: எடு. பாப்பாவுத கழிச்சு 1.8 கிலோ போதும். ஓரத்த இழுத்துவிட்டுப் பாரு, ரொம்பச் சுருண்டா ஓரத்துல கஞ்சி தடவிட்டு வெட்டிக்கலாம்.

திவ்யா: அத்தை, அடி மடிப்புக்கு என்ன பண்றது? பனியன் துணியில அடி மடிச்சுத் தைக்கற பேட்லாக் மெஷின் நம்மகிட்ட இல்லீங்களே

மல்லிகா அத்தை: ஓவர்லாக்குலயே ஆகும். அடிய ஒரு அங்குலம் உள்பக்கம் மடி. அந்த மடிப்ப அப்படியே வெளிப்பக்கம் திருப்பு, பிசிறு ஓரம் கால் அங்குலம் மட்டும் நீட்டிட்டு இருக்கோணும். மூணு படியையும் சேத்து ஓட்டு. கத்தி பிசிற மட்டுந்தான் நறுக்கோணும், மடிப்புல பட்டா கவுனுக்கு அடியே இருக்காது. விரிச்சா பட்டி வச்ச மாதிரி நிக்கும்.

பிரபு: கலர் என்னங்க? கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ஆரஞ்சு மூணும் இருக்குது

கவிதா சித்தி: கிளிப்பச்சை

பெரியப்பா: மஞ்சள் மங்களகரம்

சரவணன் சித்தப்பா: மஞ்சள் வேண்டாம்ண்ணா, காருக்குத் துணி ஏற்கெனவே இருக்குதல்ல

மல்லிகா அத்தை: மஞ்சள்ல சந்தனம் தெரியாது. ரிப் எந்தக் கலர்ல இருக்குதுன்னு மொதல்ல கேளு.

பிரபு: ரிப் பச்சையில மட்டும் இருக்குதாம்

திவ்யா: மஞ்ச உடம்புக்குப் பச்சைக் கழுத்து?

கவிதா சித்தி: நல்லாத்தான் இருக்கும்

பெரியப்பா: பஸ்ஸுக்கு 52 சொல்லிட்டேன்

பிரபு: கலரச் சொல்லுங்க, கடைக்காரர் கத்திரியைக் கையில வச்சுட்டு நிக்கறார்

பிரபு: யாராச்சும் போன எடுங்க