வீட்டுப் பின்புறம் ராட்சத மூங்கில்: புது இனமா, பர்மா சரக்கா?

பள்ளத்தூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீடு பள்ளத்தூரில் இருக்கிறது. பின்கட்டைத் தாண்டி, கிணற்றடித் தண்ணீர் போய்ப் பாயும் இடத்தில் ஒரு பெரிய மூங்கில் குத்து. பாட்டையா பர்மாவில் மோல்மீனில் கடை வைத்திருந்த காலத்தில் கப்பலில் கிழங்கோடு கொண்டுவந்து நட்டது என்று அப்பத்தா சொல்வார். முள்ளே கிடையாது. நெஞ்சு உயரத்தில் நூல் சுற்றி அளந்தால் 23 அங்குலம் வருகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று பார்த்தாலும் நுனி தலைக்கு மேலே எங்கேயோ ஆடுகிறது.

போன் ஆப்பில் படம் காட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொல்கிறது. காலேஜ் படிக்கும் மருமகன், "மாமா, இது புது இனம், பாட்டையா பேரையே வைத்துவிடலாம்" என்கிறான். பங்காளிகளோ, வரப்போகும் அறுபதாம் கல்யாணத்துக்குப் பந்தல் போட இடம் வேண்டும், குத்தையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். வெட்டுவதற்கு முன் இது என்ன மூங்கில் என்று தெரிந்தாக வேண்டும். யாரிடம் போவது, எதைக் காட்டுவது?

சாரக்கட்டு மணி:
அண்ணே, முள் இல்லை என்றால் நம்ம பக்கத்துப் பெருமூங்கில் இல்லை. அதில் அடிக்கிளையே கொக்கி முள்ளாக வளைந்து நிற்கும், கிட்டே போகவே முடியாது. கல் மூங்கிலும் இல்லை. அது கெட்டியாக இருக்கும், ஆனால் இந்தப் பருமன் வராது. பச்சைக்கோடு போட்ட மஞ்சள் மூங்கிலை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். பர்மா சரக்குதான் போல. படம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (தாவரவியல்):
தம்பி, முதலில் பருமனை மறந்துவிடுங்கள். மூங்கில் கழி முளைக்கும்போது என்ன பருமனோ அதே பருமன்தான் கடைசி வரை. வேம்பு, புளி மாதிரி ஆண்டுக்கு ஆண்டு பெருக்காது. குத்து வயதாக ஆகப் புதிதாக வரும் கழிகள்தான் பெரிதாகிக்கொண்டே போகும். கிணற்றடித் தண்ணீர் வருஷம் முழுக்கக் கிடைத்தால் செம்மண்ணிலும் இப்படித்தான் நிற்கும். ஆகவே "பெரிசு, அதனால் புதுசு" என்ற வாதம் நிற்காது. போன் ஆப் இலையைப் பார்த்துப் பேர் சொல்கிறது. மூங்கில் இலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

பார்க்க வேண்டியது குருத்தை மூடியிருக்கும் உறை. காய்ந்து கழன்று அடியில் கிடக்குமே, அதுதான். ஆனால் தரையில் கிடப்பதை மட்டும் நம்ப வேண்டாம், எந்தக் கணுவில் இருந்து விழுந்தது என்று தெரியாது. இந்த வருஷத்துக் கழியில் ஐந்தாவது கணு வாக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் உறையைக் கிழியாமல் எடுங்கள். அதன் தலைப்பில் இலை போன்ற ஒரு கூர்மடல் இருக்கும். அது நேராக நிற்கிறதா, பின்னால் மடங்குகிறதா? அது சேரும் இடத்தில் உட்பக்கம் நாக்கு போல ஒரு தோல் இருக்கும். எத்தனை மில்லிமீட்டர் உயரம், விளிம்பு பல் பல்லாக இருக்கிறதா, நார் நாராகக் கிழிந்திருக்கிறதா? இரு ஓரத்திலும் காது போன்ற மடிப்பு உண்டா, அதில் முடி உண்டா? அப்புறம் இளங்கழியைத் தடவிப் பாருங்கள்: வெள்ளை மாவு ஒட்டுகிறதா, பழுப்பு வெல்வெட்டா?

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உறையின் முதுகு மயிர் தோலில் ஏறினால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

பள்ளத்தூர்க்காரன்:
வாத்தியார் ஐயா, பார்த்துவிட்டேன். இளங்கழியின் அடிப்பகுதி முழுக்கப் பழுப்பு வெல்வெட். கையில் மாவு ஒட்டவில்லை. தரையோரக் கணுக்களைச் சுற்றி மாலை கட்டினாற்போல் குட்டி வேர்கள். உறையின் காதில் விறைப்பான முடி, நாக்கின் விளிம்பு நார் நாராக. கூர்மடல் பின்னால் மடங்கியிருக்கிறது. கையுறை போட்டும் மணிக்கட்டில் ஏறிவிட்டது.

ஓய்வுபெற்ற வாத்தியார் (தாவரவியல்):
நல்ல விவரம். வெள்ளை மாவு பூசியிருந்தால் டெண்ட்ரோகலாமஸ் ஜைகாண்டியஸ் என்று சொல்லியிருப்பேன். அது பர்மா மூங்கில்தான். மன்றோ என்ற தாவரவியலாளர் 1868-ல் பெயர் வைத்தது. இலங்கை பேராதனைத் தோட்டத்தில் ஆற்றங்கரையில் நிற்கிறதே, அந்த இனம். நீங்கள் சொல்லும் பழுப்பு வெல்வெட்டும் கணு வேரும் டெண்ட்ரோகலாமஸ் ஆஸ்பர் பக்கம் இழுக்கின்றன. தென்கிழக்கு ஆசியா முழுக்கச் சமைத்துச் சாப்பிடும் முளைக்காக வளர்ப்பது அதைத்தான். ஆனால் டெண்ட்ரோகலாமஸ் பிராண்டிசி என்று இன்னொன்று உண்டு. அதற்கும் அடிக்கணுவில் வேர் வரும், அதுவும் பர்மாவில் இருந்து வந்ததுதான், குடகில் நிறைய வளர்க்கிறார்கள். இந்த இரண்டையும் படத்தை வைத்துப் பிரிக்க நான் துணிய மாட்டேன்.

புது இனமாக இருக்கவே முடியாதா என்றால், முடியும். ராட்சத மூங்கில்கள் அறிவியலின் கண்ணில் படாமல் நிற்பது நடந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய மூங்கில்களில் ஒன்றான டெண்ட்ரோகலாமஸ் சினிகஸ் சீனாவின் யுனானில் மக்கள் கண்ணெதிரே நின்றது. அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1982-ல். காரணம் புரிகிறதல்லவா? பல இனங்கள் பூக்கப் பத்தாண்டுகள் கணக்கில் ஆகும். பூ இல்லாமல் எந்தப் பேரினம் என்று உறுதி சொல்வதே கஷ்டம். அதோடு, செடியைக் காயவைத்துத் தாளில் ஒட்டித்தான் காப்பகத்தில் வைப்பார்கள். சேகரிக்கப் போகிறவன் இந்த உருவத்தை எந்தத் தாளில் ஒட்டுவான்?

ஆனால் உங்களுடையது நட்டு வளர்த்த குத்து. பிறந்த இடம் வேறு நாடு. அங்கே ஏற்கெனவே பெயர் வைத்த இனங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு "இது அதுவல்ல" என்று காட்டிய பிறகுதான் புதுப் பெயர் என்ற பேச்சே. மருமகனிடம் இதைச் சொல்லுங்கள்.

காரைக்குடி நர்சரி:
ஒரு சந்தேகம் ஐயா. அப்படியே புதுசு என்று தெரிந்தால் பேப்பரில் போட்டால் போதுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார் (தாவரவியல்):
போதாது. பன்னாட்டுத் தாவரப் பெயரிடல் விதிப்படி 1953 முதல் செய்தித்தாளில் வந்தது வெளியீடாகவே கணக்கில் வராது. முகநூலும் அப்படித்தான். ஆய்விதழிலோ நூலிலோ வர வேண்டும். மற்ற இனங்களில் இருந்து எதில் வேறுபடுகிறது என்ற குறிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 1935 முதல் 2011 முடிய லத்தீன் மட்டும்தான் செல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு மாதிரியை மூலமாதிரி என்று குறித்து, எந்த உலர்தாவரக் காப்பகத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். அது இல்லாமல் பெயர் செல்லாது. பாட்டையா பெயர் வைப்பதில் தடையில்லை, லத்தீன் விகுதி ஒன்று ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பள்ளத்தூர்க்காரன், நீங்கள் செய்ய வேண்டியது மாதிரி எடுப்பது. இலைக்கொத்தை வெட்டிய இடத்திலேயே செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் இலை சுருண்டுவிடும். உறையை மடக்காமல் தட்டையாகக் காயவைத்து, எத்தனையாவது கணு என்று அதிலேயே எழுதுங்கள். கணுவும் கணுவிடையும் சேர்ந்த ஒரு துண்டு, கிளை பிரியும் கணு ஒன்று, கிழங்கில் ஒரு துண்டு. சுவர்க் கனம், கழியின் நிறம், மயிரின் நிறம் எல்லாம் பச்சையாக இருக்கும்போதே குறியுங்கள், காய்ந்தால் மாறும். பர்மாக் கதையையும் எழுதி வையுங்கள். உங்களுக்குக் கிட்ட இருப்பது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் காப்பகம். கோயம்புத்தூரில் பொட்டானிக்கல் சர்வேயின் காப்பகம் இருக்கிறது. மூங்கிலுக்கென்றே கேட்பதானால் திருச்சூர் பக்கம் பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம். மருமகன் ஆர்வத்தில் வெளிநாட்டுக்குப் பார்சல் போட்டுவிடப் போகிறான். 2002-ம் வருஷப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது, அதற்கு முதலில் சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

பள்ளத்தூர்க்காரன்:
ரொம்ப நன்றி ஐயா. திருச்சிக்கே முதலில் போகிறேன். பங்காளிகளிடம் பேசிவிட்டேன், குத்தை எடுக்க வேண்டாம், பந்தல் பக்கம் சாய்ந்த கழிகளை மட்டும் வெட்டலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். எதை வெட்டலாம்?

காரைக்குடி நர்சரி:
உறை ஒட்டியிருக்கும் இந்த வருஷத்துக் கழி, போன வருஷத்துக் கழி இரண்டையும் தொடாதீர்கள், அடுத்த முளைக்குத் தீனி அவற்றில் இருந்துதான் போகிறது. பாசி, வெள்ளைத் திட்டு படிந்த பழைய கழியை எடுங்கள். தரையில் இருந்து முதல் கணுவுக்குச் சற்று மேலே, கிண்ணம் மாதிரித் தண்ணீர் தேங்காதபடி அறுங்கள்.

சாரக்கட்டு மணி:
பழசை விறகாக்கிவிடாதீர்கள் அண்ணே. இந்தப் பருமனில் பந்தல் முகப்புக்குக் கால் கிடைப்பதே இல்லை. நான் வந்து அறுத்துத் தருகிறேன், இரண்டு கழி எனக்கு.

பள்ளத்தூர்க்காரன்:
ஒன்று. உறை எதையும் மிதிக்காமல் வர வேண்டும்.