கனவு நோட்டுக்கு 800 ரூபாயா? ஆழ்மன உளவியல் பற்றி ஒரு விவாதம்

கடியபட்டணத்தான்:
என் மச்சான் விஷயம். தூத்தூர்க்காரன், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் ‘தங்கல்’ விசைப்படகில் வேலை. 2017 ஒக்கிப் புயலில் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கடலில் கிடந்தவன். இத்தனை வருடம் ஆகியும் வாரத்தில் மூன்று ராத்திரி அலறி எழுந்திருக்கிறான். எப்போதும் ஒரே கனவு. படகின் ஐஸ் அறையைத் திறக்கிறான். உள்ளே மீன் இல்லை. அவன் அப்பாவின் வெள்ளைச் சட்டை, மடித்த மடிப்புக் கலையாமல், நனையாமல் இருக்கிறது. தொடப் போகும்போது அலறல்.

முதலில் பார்த்த டாக்டர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். இப்போது ஏழு மாதமாக நாகர்கோவிலில் ஆழ்மன உளவியல் படித்த ஒரு அம்மாவிடம் போகிறான். நமக்கே தெரியாமல் மனசின் அடியில் கிடப்பதைக் கனவு, பேச்சு வழியாகத் தேடுகிற படிப்பாம் அது. ஒரு தடவைக்கு 800 ரூபாய். அவர் புயலைப் பற்றி அதிகம் கேட்பதே இல்லையாம். கனவை நோட்டில் எழுதச் சொல்லி, “அந்தச் சட்டையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்கிறாராம். இது வைத்தியமா, வெறும் பேச்சா என்று தங்கச்சி என்னிடம் கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்கூடு மார்த்தாண்டம்:
அண்ணே, நான் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவள். ஒளிக்காமல் சொல்கிறேன், ஏழு மாதம் அதிகம். விபத்துக்கும் புயலுக்கும் பிறகு வரும் பயத்துக்குப் பலமுறை சோதித்துப் பார்த்த சிகிச்சைகள் இருக்கின்றன. கெட்ட கனவுக்கென்றே ஒரு முறை உண்டு: பகலில் உட்கார்ந்து அந்தக் கனவின் முடிவை வேறு மாதிரி எழுதி, தினமும் சில நிமிடம் கண்ணை மூடி அதை ஓட்டிப் பார்ப்பது. சட்டைக்கு அர்த்தம் தேட வேண்டியதே இல்லை.

தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் சொன்ன உதாரணம் ஒன்று. ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளுகிறான், இன்னொருவன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றுகிறான். இந்த ஆழ்மன வழியைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் பிராய்டின் கொள்கை இரண்டையும் விளக்கிவிடும், அவரிடமிருந்து பிரிந்த ஆட்லரின் கொள்கையும் விளக்கிவிடும். எது நடந்தாலும் சரியாகிவிடுகிற கொள்கை தப்பு என்று எப்படித் தெரியும்? என் சந்தேகமும் அதுதான்.

வேளிமலை:
பாப்பர் சொன்னது கொள்கைக்கு. இங்கே கேள்வி ஒரு மனிதனைப் பற்றி. ஆழ்மன உளவியல் என்ற பெயரை வைத்தவர் சுவிஸ் மருத்துவர் பிளாய்லர். பிராய்டின் கனவுப் புத்தகம் 1899 நவம்பரிலேயே வந்துவிட்டது, 1900 என்று அச்சிட்டுக்கொண்டு. அவருக்குக் கனவு என்பது வேஷம் போட்டு வரும் ஆசை. 1913-ல் அவரிடமிருந்து பிரிந்த சூரிச் மருத்துவர் யுங் வேறு மாதிரி பார்த்தார்: கனவு எதையும் ஒளிக்கவில்லை, விழித்திருக்கும்போது நாம் விட்டுவிட்டதைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறது. அதே 1913-ல் ஐரோப்பாவை வெள்ளம் மூடி, அது ரத்தமாவதைக் காட்சியாகக் கண்டு, தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தவர் அவர். இது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மட்டும் எழுதிய சரக்கு இல்லை.

சோதனையே இல்லை என்பதும் சரியில்லை. 2010-ல் உளவியலாளர் ஷெட்லர் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். இவ்வகைச் சிகிச்சையின் பலன் முடிந்த பிறகும் கூடிக்கொண்டு போகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்.

தேன்கூடு மார்த்தாண்டம்:
படித்திருக்கிறேன். அது பெரும்பாலும் பிராய்டு வழியில் வந்த சிகிச்சைகளைப் பற்றியது. அந்தக் கணக்கை யுங் பேரில் எழுதாதீர்கள். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழுவாகப் பிரித்து, அவர் முறையை வேறொன்றோடு ஒப்பிட்ட ஆய்வு அபூர்வம்.

வேளிமலை:
சரி, அது நியாயம்.

வில்லடிக்காரர் பேத்தி:
இரண்டு பேரும் சூரிச்சுக்கும் வியன்னாவுக்கும் பஸ் ஏறிவிட்டீர்கள். நம் ஊரில் கோயில் கொடை விழாவுக்கு வில்லடித்து, விடிய விடியக் கதை பாடி, சாமியாடுகிறவர் வாய்வழியே செத்தவர்கள் பேசுவதைக் கேட்டு அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். எனக்கு யுங்கைப் பிடிக்கும், ஆனால் அவர் ஆட்கள் மேல் ஒரு கோபம். முப்பந்தல் இசக்கியம்மனை ‘தாய் ஆழ்படிமம்’, அதாவது எல்லா மனித மனத்திலும் பொதுவாக இருக்கும் தாய் உருவம், என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வில்லுப்பாட்டில் அவள் நகைக்காகக் கொலையுண்டு, பழி கேட்டுத் திரும்பி வந்த பெண். படிமத்துக்குள் அந்தக் கொலை காணாமல் போய்விடுகிறது. 1938-ல் மெட்ராஸ் வரை வந்த யுங், ரமணரைப் பார்க்காமலே போனார் என்பதும் நினைவுக்கு வருகிறது.

தேன்கூடு மார்த்தாண்டம்:
அக்கா, கொடை வருடத்துக்கு ஒரு தடவை. இவர் அலறுவது வாரத்துக்கு மூன்று தடவை. அதோடு அந்தக் குடும்பம் கோயிலுக்கு இல்லை, குருசடிக்கு, சிலுவை வைத்த சிற்றாலயத்துக்கு, போகிறவர்களாக இருக்கும்.

வேளிமலை:
வெள்ளைக்காரன் சரக்கு என்று தள்ளவும் முடியாது. 1922-லேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் என்ற மருத்துவர் பிராய்டு முறைக்கான உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிவிட்டார். என் நோயாளிகளின் மனம் நீங்கள் எழுதியபடி இல்லையே என்று பிராய்டுக்கே எழுதியவர். 1931-ல் பிராய்டின் 75-வது பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலை அனுப்பியது. அதை அவர் மேசையில் வைத்திருந்தார்.

அது கிடக்கட்டும். கடியபட்டணத்தண்ணே, அந்தச் சட்டைக் கேள்விக்கு மச்சான் என்ன பதில் சொன்னான்?

கடியபட்டணத்தான்:
தங்கச்சியிடம் கேட்டேன். மூன்று மாதம் பதிலே சொல்லவில்லையாம். அவன் அப்பா ஒக்கிக்கு முந்தின வருடம் நோயில் இறந்தார். அப்போது இவன் கொச்சியிலிருந்து தங்கல் போயிருந்தான். தகவல் கிடைத்துக் கரை சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுத்தான் புதைத்தார்கள் என்று யாரோ சொன்னதுதான், இவன் பார்க்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தி கொண்டுபோவோம், இவன் மட்டும் வாசலில் நின்றுவிடுவான். கடல் பயம் என்றே நாங்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

தேன்கூடு மார்த்தாண்டம்:
இது எனக்கும் புதிதுதான். புயலை மட்டும் பிடித்துக்கொண்டு நான் ஆரம்பித்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா, சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதும் தூக்கம் வந்துவிட்டது என்பதும் ஒன்றில்லை. எத்தனை ராத்திரி அலறினான் என்று காலண்டரில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் அந்த அம்மாவிடம் நேராகக் கேளுங்கள், நல்லவராக இருந்தால் கோபப்பட மாட்டார். குடி கூடினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ், அரசு மனநல உதவி எண், காசு இல்லை. அப்புறம், முடிவை மாற்றி எழுதுவதையும் ஒரு தடவை முயன்று பார்க்கட்டும்.

கடியபட்டணத்தான்:
புள்ளி வைக்க ஆரம்பித்தாயிற்று. போன மாதம் பத்து, இந்த மாதம் இதுவரை ஆறு. முடிவை மாற்றி எழுதச் சொன்னதற்கு நோட்டை மூடி வைத்துவிட்டான். “சட்டைய வேண்டாம்னு எழுதினா அப்பா எங்க போவாரு?” என்று கேட்கிறான். செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவிடம் இதையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.