மூன்று நாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றியும் மீன்கள் திணறுகின்றன, உதவுங்கள்

கேட்டவர், மடிப்பாக்கம்:
வணக்கம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி வைத்திருக்கிறேன். ஏறத்தாழ 600 லிட்டர் பிடிக்கும், எட்டுத் தங்கமீன்கள். போர்த் தண்ணீர் உப்புக் கரிப்பதால் இரண்டு மாதமாக லாரித் தண்ணீர்தான். மொட்டைமாடியில் 500 லிட்டர் கறுப்பு டேங்கில் மூன்று நாள் வைத்திருந்து, ஞாயிறு மதியம் 200 லிட்டர் மாற்றுகிறேன். அரை மணி நேரத்தில் எல்லா மீன்களும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நேற்று ஒன்று இறந்துவிட்டது. ஐந்து வருடம் வளர்த்தது. மனசு ஆறவில்லை.

பதில், கொளத்தூர்:
முதலில் இருக்கும் மீன்களைக் காப்பாற்றுங்கள். காற்று மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, 600 லிட்டருக்கும் கணக்கிட்டு ஆன்டி குளோரின் (நீரிலுள்ள குளோரினை முறிக்கும் மருந்து) விடுங்கள். பிறகு சொல்லுங்கள்: அந்த டேங்கை மூடி வைத்திருந்தீர்களா? ஊற்றும்போது என்ன வெப்பம்?

கேட்டவர்:
செய்துவிட்டேன் ஐயா, சற்றுத் தெளிந்திருக்கின்றன. கொசுவுக்குப் பயந்து இறுக மூடித்தான் வைக்கிறேன். இப்போது அளந்தேன்: டேங்கில் 39 டிகிரி, மீன்தொட்டியில் 28.

பதில், கொளத்தூர்:
இரண்டு தவறும் அதிலேயே இருக்கின்றன. லாரித் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலந்திருப்பார்கள். அதிலிருந்து வரும் குளோரின் மீனுக்கு ஆகாது; அது காற்றோடு போக வேண்டும், வெயில் பட வேண்டும். மூடிய கறுப்பு டேங்கில் மூன்று நாள் என்பது வெறும் காத்திருப்புதான். அடுத்தது சூடு. 28 டிகிரியில் உள்ள 400 லிட்டரோடு 39 டிகிரி நீர் 200 லிட்டர் சேர்ந்தால் தொட்டி முழுக்க ஏறக்குறைய 4 டிகிரி ஏறிவிடும். சூடு கூடக்கூட நீரில் பிராணவாயு குறையும். தங்கமீனோ குளிர்ந்த நீரை விரும்புவது.
மூடியை எடுத்து கொசுவலைத் துணியை இறுகக் கட்டுங்கள். உள்ளே காற்றுக் கல் (மோட்டார் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) ஒன்று இரவும் பகலும் ஓடட்டும். நீரை விடியற்காலையில் மாற்றுங்கள். நீச்சல்குளப் பொருள் விற்கும் கடையில் குளோரின் சோதனைச் சொட்டு கிடைக்கும். மஞ்சள் நிறம் தெரிந்தால் ஊற்றவே வேண்டாம். சோதித்த நீரைத் தொட்டியில் திருப்பி விடாதீர்கள், அது நஞ்சு.

பதில், திருச்சி:
ஒன்று சேர்க்கிறேன். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த நீராக இருந்தால் காற்றுக் கல் மட்டும் போதாது. அது எளிதில் வெளியேறாது. குளோரினுக்கு சோடியம் தயோசல்பேட் படிகம் நல்லது, விலையும் குறைவு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் 500 லிட்டருக்கு மூன்றரை கிராம் தாராளம்.

கேட்டவர், ஆறு நாள் கழித்து:
மூடியைத் திறந்த அன்று சோதித்தேன், நல்ல மஞ்சள். இரண்டு நாள் காற்று ஓடிய பிறகு நிறமே இல்லை. இன்று காலை ஐந்தரை மணிக்கு டேங்கில் 29 டிகிரி. முதல் முறையாக 100 லிட்டர் மட்டும் மெதுவாக விட்டேன். ஏழு மீன்களும் அடியில் கூழாங்கற்களைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. இருவருக்கும் மிக்க நன்றி ஐயா.