கிளப் உறுப்பினர்களுக்கு மெயில்: பிசிசி போதுமா, கூகுள் குரூப்ஸ் வேண்டுமா?

முத்திரைப்பிரியன்:

வணக்கம். திருச்சியில் ஒரு சின்ன தபால்தலை சேகரிப்போர் கிளப்புக்கு இந்த வருடம் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். உறுப்பினர்கள் 140 பேர், பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். மாதக் கூட்ட அறிவிப்பு, புதுத் தபால்தலை வெளியீடு, சிறப்பு உறை பற்றிய தகவல், எங்களுக்குள் நடக்கும் ஏலத்தின் பட்டியல், இவ்வளவுதான் அனுப்புவது. வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் ஏலப் பட்டியலைத் தேடி எடுப்பதற்குள் ஏலமே முடிந்துவிடும். மெயில்தான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இதுவரை நடந்தது என்னவென்றால், முந்தைய செயலாளர் தன் சொந்த ஜிமெயிலில் பழைய மடல் ஒன்றைத் திறந்து, ரிப்ளை ஆல் அழுத்தி, தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார். எல்லார் முகவரியும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். போன மாதம் ஒருவர் பேரன் பிறந்த செய்தியை அதே மடலுக்குப் பதிலாகப் போட, ஐம்பது அறுபது வாழ்த்து வந்து குவிந்தது. அந்தக் குவியலில் கூட்டம் வேறு இடத்துக்கு மாறிய அறிவிப்பு புதைந்துபோய், சிலர் பழைய இடத்துக்கே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இது போதாதென்று பொருளாளரிடம் ஒரு எக்செல் பட்டியல், முந்தைய செயலாளரிடம் ஒரு பட்டியல், இரண்டும் ஒத்துப்போகவில்லை.

காசு செலவழிக்கக் கமிட்டி ஒத்துக்கொள்ளாது. என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:

140 பேருக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் சார். முதலில் கிளப் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு திறங்கள், யாருடைய சொந்தக் கணக்கும் வேண்டாம். கூகுள் காண்டாக்ட்ஸில் எல்லாரையும் ஏற்றி 'உறுப்பினர்கள்' என்று ஒரு லேபிள் ஒட்டுங்கள். மடல் எழுதும்போது பிசிசி கட்டத்தில், அதாவது ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் அனுப்பும் இடத்தில், அந்த லேபிள் பெயரை அடித்தால் எல்லா முகவரியும் தானாக வந்துவிடும். 'பெறுநர்' இடத்தில் கிளப் முகவரியையே போடுங்கள். அப்புறம் யார் ரிப்ளை ஆல் அழுத்தினாலும் உங்களுக்கு மட்டும்தான் வரும், பேரன் செய்தி ஊர்வலம் போகாது. ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரை அனுப்பலாம், உங்களுக்குத் தாராளம்.

மடலாடி:

கணக்குப்பிள்ளை சொல்வது 40 பேர் இருக்கும் கிளப்புக்குச் சரி. 140 என்றால் நான் கூகுள் குரூப்ஸ் பக்கம்தான் நிற்பேன், ஒரே முகவரிக்கு அனுப்பினால் உறுப்பினர் எல்லாருக்கும் போய்ச் சேரும் கூகுளின் இலவச மடற்குழு அது. காரணம் அந்த 500 பேர் வரம்பு இல்லை. பிசிசி முறையில் ஒருவருக்கு மடல் வேண்டாம் என்றால் உங்களுக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். பாதிப் பேர் கூச்சப்பட்டு எழுத மாட்டார்கள், அதற்குப் பதிலாக 'ஸ்பேம்' பொத்தானை அழுத்திவிடுவார்கள். அப்படி நாலைந்து பேர் அழுத்த ஆரம்பித்தால் மற்றவர்களுக்கும் உங்கள் மடல் ஸ்பேமுக்குப் போக வாய்ப்பு உண்டு. குரூப்ஸில் ஒவ்வொரு மடலின் அடியிலும் விலகும் வழி தானாகவே ஒட்டிக்கொண்டு வரும்.

ஆனால் குரூப்ஸை உருவாக்கியதும் அப்படியே விட்டுவிட்டால் அது உங்கள் பழைய ரிப்ளை ஆல் கூத்தேதான். அமைப்புகளில் உட்கார்ந்து சிலவற்றை மாற்ற வேண்டும். யார் பதிவிடலாம் என்ற இடத்தில் நிர்வாகிகள் மட்டும். உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இடத்திலும் நிர்வாகிகள் மட்டும். பதில்கள் எங்கே போக வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் நிர்வாகிகளுக்குத் திருப்புங்கள், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். உரையாடல்களை வெளியார் பார்க்க முடியாதபடி இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள், இல்லையென்றால் உங்கள் ஏலப் பட்டியலை ஊரே படிக்கும்.

ஏலம், அரட்டை, பேரன் செய்தி எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்தானே, பாவம். அதற்கு இரண்டாவதாக ஒரு குழு திறங்கள், எல்லாரும் எழுதலாம், விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேரட்டும். அறிவிப்பையும் அரட்டையையும் ஒரே குழுவில் வைத்திருக்கிற வரை எந்த மென்பொருளாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

நடுநிசி_நிரலர்:

குரூப்ஸ்.ஐஓ என்று இன்னொரு மடற்குழுச் சேவை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. யாகூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மூடப்பட்டபோது நிறைய கிளப்புகள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அதை நடத்தும் மார்க் ஃப்ளெட்சர்தான் 1997-ல் ஒன்லிஸ்ட் என்ற மடற்குழுச் சேவையை ஆரம்பித்தவர், அது ஈகுரூப்ஸ் என்ற இன்னொரு சேவையுடன் சேர்ந்து, 2000-ல் யாகூ வாங்கி யாகூ குரூப்ஸ் ஆனது. ஆக மடற்குழு என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த ஆள். நாள்காட்டி, கோப்புகள், வாக்கெடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஒரே சிக்கல், புதிதாகத் திறக்கும் இலவசக் குழுவுக்கு 100 பேர்தான் உச்சம், உங்களுக்கு 140. கமிட்டி காசு தராது என்றால் மடலாடி சொன்னபடியே போங்கள்.

முத்திரைப்பிரியன்:

எல்லாருக்கும் நன்றி. மடலாடி சொன்னபடி சோதனைக்குக் கமிட்டி ஆட்களை மட்டும் வைத்து ஒரு குழு திறந்து பார்த்தேன். மூன்று சந்தேகம். ஒன்று, ஜிமெயில் இல்லாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், யாகூ, ரெடிஃப் எல்லாம் இன்னும் வைத்திருக்கிறார்கள், அவர்களைச் சேர்க்க முடியுமா? இரண்டு, நான் அனுப்பிய மடல் மற்றவர்களுக்கு வருகிறது, எனக்கு மட்டும் இன்பாக்ஸில் வரவே இல்லை. மூன்று, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் குழுவின் பெயரும் சேர்ந்து ஏதோ 'வழியாக' என்று வருகிறது, ஒரு பெரியவர் போலி மடல் என்று பயந்து போன் செய்துவிட்டார்.

மடலாடி:

ஒன்று: சேர்க்கலாம். நிர்வாகி நேரடியாகச் சேர்த்தால் எந்த முகவரிக்கும் மடல் போகும், கூகுள் கணக்கு தேவையில்லை. வலைத்தளத்தில் போய்ப் பழைய மடல்களைப் பார்க்கத்தான் கணக்கு வேண்டும், உங்கள் ஆட்கள் அதற்கெல்லாம் போகப்போவதில்லை. நேரடியாகச் சேர்க்க வரம்பு உண்டு, 140 பேரையும் ஒரே மூச்சில் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

இரண்டு: ஜிமெயிலின் பழக்கம் அது. நீங்களே குழுவுக்கு அனுப்பிய மடல் திரும்பி வந்தால், ஏற்கெனவே 'அனுப்பியவை'யில் இருக்கிறதே என்று இன்பாக்ஸில் மறுபடி காட்டாது. போகவில்லை என்று நினைத்து இரண்டாம் தடவை அனுப்பிவிடாதீர்கள்.

மூன்றாவதை நிரலர் சொல்லட்டும்.

நடுநிசி_நிரலர்:

டிமார்க் என்று ஒரு ஏற்பாடு. "எங்கள் பெயரில் வரும் மடல் எங்கள் சர்வரில் இருந்து வந்ததாக உறுதியாகாவிட்டால் தள்ளிவிடு" என்று ஒரு நிறுவனம் உலகத்துக்கே சொல்லி வைப்பது. 2014 ஏப்ரலில் யாகூ இதைக் கறாராக்கியதும் உலகம் முழுக்க மடற்குழுக்கள் ஆட்டம் கண்டன, ஏனென்றால் குழுவுக்குள் போய் வரும் மடல் யாகூ சர்வரில் இருந்து வருவதில்லையே. அதற்குப் பிறகுதான் குழு மென்பொருட்கள் அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போட்டு, ஆள் பெயரோடு 'வழியாக' என்று சேர்க்க ஆரம்பித்தன. போலி இல்லை. பெரியவரிடம், தபால் அலுவலக முத்திரை மாதிரி, எந்த வழியாக வந்தது என்று காட்டுகிறது என்று சொல்லுங்கள், உங்கள் கிளப்பில் எல்லாருக்கும் உடனே புரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற_செயலாளர்:

மென்பொருள் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். பட்டியல் பற்றி நான் சொல்கிறேன், வேறொரு சங்கத்தில் பல வருடம் இந்த வேலை பார்த்தவன். மூலப் பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், கிளப் கணக்கின் டிரைவில் ஒரு ஷீட். உறுப்பினர் எண், பெயர், மெயில், செல், சந்தா எதுவரை, மெயில் அனுப்பச் சம்மதமா. பொருளாளரும் நீங்களும் மட்டும் திருத்தலாம். முதலில் ஷீட்டில் மாற்றம், பிறகுதான் குழுவில். வரிசை மாறினால் ஆறே மாதத்தில் பழைய நிலைமைதான்.

விலகியவர்களை அழிக்காமல் 'முன்னாள்' என்று இன்னொரு தாளுக்கு மாற்றுங்கள். யாராவது காலமானால் அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் தம்பி. எங்கள் சங்கத்தில் ஒருவர் இறந்து மாதக்கணக்கான பிறகும் 'சந்தா பாக்கி, உடனே கட்டவும்' என்று அவர் முகவரிக்கு மடல் போய்க்கொண்டிருந்தது, அதைத் திறந்து படித்தது அவர் மனைவி. மடல் போய்ச் சேராத முகவரிகளைக் குரூப்ஸே உறுப்பினர் பட்டியலில் குறித்துக் காட்டும், மாதம் ஒரு தடவை பார்த்து அவர்களுக்குப் போன் போடுங்கள். பெரும்பாலும் இன்பாக்ஸ் நிறைந்திருக்கும், இல்லை பாஸ்வேர்டு மறந்திருப்பார்.

குழுவுக்கு உரிமையாளர்களாக இரண்டு பேரையாவது வையுங்கள். கிளப் ஜிமெயிலின் மீட்பு எண்ணை ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் மாற்றுங்கள். இரண்டு வருடம் தொடாத சொந்தக் கணக்கை கூகுள் அழிக்கலாம் என்று விதி இருக்கிறது, அதனால் சும்மாவாவது உள்ளே போய் வாருங்கள்.

இன்னொன்று. பதிவு செய்த சங்கம் என்றால் பொதுக்குழு நோட்டீஸை மெயிலில் மட்டும் அனுப்பினால் செல்லுமா என்று பைலாவை, அதாவது சங்க விதிகளை, படியுங்கள். அதில் தபால் என்று இருந்தால் மெயிலோடு தபாலிலும் அனுப்பிவிடுங்கள்.

முத்திரைப்பிரியன்:

பைலாவை எடுத்துப் பார்த்தேன் ஐயா, 'அஞ்சல் வழி' என்றுதான் இருக்கிறது. தபால்தலை கிளப் அல்லவா, அதை மாற்ற எங்கள் ஆட்கள் சம்மதிக்கவே மாட்டார்கள். ஷீட்டை இன்று இரவு பொருளாளரோடு உட்கார்ந்து ஒப்பிடுகிறேன், அறிவிப்புக் குழுவை அடுத்த கூட்டத்துக்கு முன் திறந்துவிடுகிறேன்.